பென்ஸ் 300 டர்போ டீசல்: ஒரு பழைய இன்ஜினின் கதை

டீசல் கார் என்றால் நம் வயதுக்காரர்களுக்குச் சில விஷயங்கள் உடனே ஞாபகம் வரும். விடியற்காலையில் ஸ்டார்ட் செய்தால் தெருவே எழுந்துவிடும். மேம்பாலம் ஏறும்போது பின்னால் வருகிறவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பார். ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் சட்டையில் அந்த வாசனை போகாது. டீசல் விலைக்காகப் பொறுத்துக்கொண்ட வண்டி அது. அப்படிப்பட்ட டீசல் இன்ஜினை ஜெர்மனியின் பென்ஸ் கம்பெனி தன் பெரிய காரில் வைத்து, டர்போ பொருத்தி, அமெரிக்கப் பணக்காரர்களுக்கு விற்றது. அதற்கு இன்ஜினியர்களின் ஆசை மட்டும் காரணமல்ல. வாஷிங்டனில் போட்ட ஒரு சட்டமும் காரணம். வாழ்நாள் முழுக்க விதிகளையும் சுற்றறிக்கைகளையும் நகல் எடுத்துக்கொண்டிருந்த எனக்கு, ஒரு சட்டம் இன்ஜினைப் பெற்றெடுத்த கதை பிடித்துப்போனது. அந்த இன்ஜினின் பெயர் ஓ.எம். 617. ஓ.எம். என்பது ஜெர்மன் மொழியில் எண்ணெய் மோட்டார் என்பதன் சுருக்கம்.

கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்குகிறேன். ருடால்ஃப் டீசல் 1858-ல் பாரிஸில் பிறந்தவர். பெற்றோர் பவேரியாக்காரர்கள். 1870-ல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் சண்டை மூண்டதும் குடும்பம் லண்டனுக்கு ஓடியது. எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் அவர் பெயரைத் 'தியேசெல்' என்று உச்சரிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். அவர் பிரெஞ்சுக்காரர் என்றே நாங்கள் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தோம். 1900-ல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில் அவருடைய வகை இன்ஜின் ஒன்றை மல்லாட்டை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். அந்தக் காலத்தில் புதுச்சேரியிலிருந்து மல்லாட்டைப் பயிறு கப்பல் கப்பலாக மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது என்பது நம் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். எண்ணெய் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

டர்போவும் புதுச் சரக்கு அல்ல. ஸ்விஸ் இன்ஜினியர் ஆல்ஃபிரட் பூஹி 1905-லேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். இன்ஜினிலிருந்து வெளியேறும் புகைக்கு வேகமும் சூடும் உண்டு. அதை வீணாக வெளியே விடாமல் ஒரு சிறிய சக்கரத்தைச் சுற்ற வைத்து, அதே அச்சில் மறுபக்கம் உள்ள இன்னொரு சக்கரத்தால் காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுவதுதான் டர்போ. பிரெஞ்சில் இதற்குச் 'சுராலிமாந்தாசியோன்' என்று பெயர். நேராகச் சொன்னால் அதிகமாக ஊட்டுவது. காற்று அதிகம் போனால் அதற்கேற்ப டீசலையும் அதிகம் எரிக்கலாம், சக்தி கூடும். கப்பலிலும் லாரியிலும் இது வெகுநாளாக இருந்தது. டீசல் காரில் வைத்து விற்கத்தான் எழுபது வருடத்துக்கு மேல் ஆயிற்று.

1974-ல் பென்ஸ் கம்பெனி 240டி 3.0 என்று ஒரு காரை வெளியிட்டது. அதுவரை அவர்களுடைய கார் டீசல் எல்லாம் நாலு சிலிண்டர். டாக்ஸிக்காரர்களும் விவசாயிகளும் 'இன்னும் கொஞ்சம் பிக்கப் வேண்டும்' என்றார்கள். ஆறு சிலிண்டர் வைத்தால் பானெட்டுக்குள் அடங்காது. நாலோடு ஒன்றைச் சேர்த்து ஐந்தாக்கினார்கள். விற்பனைக்கு வந்த கார்களில் ஐந்து சிலிண்டர் இன்ஜின் என்பது அதுதான் முதல். இந்த வேலையில் ஆலோசகராக இருந்தவர் ஃபெர்டினாண்ட் பியெக். போர்ஷே கம்பெனியிலிருந்து அப்போதுதான் விலகியிருந்தார், பின்னாளில் ஃபோக்ஸ்வாகனுக்கே தலைவரானவர். ஐந்து சிலிண்டரும் சேர்ந்து தந்தது 80 குதிரைசக்தி. அவ்வளவுதான். அப்போது டர்போ கிடையாது.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது அமெரிக்காவில் பெட்ரோல் பங்குகளில் வரிசை நின்றது. 1975-ல் ஒரு சட்டம் வந்தது. ஒரு கம்பெனி அங்கே விற்கும் கார்கள் எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி மைலேஜ் பார்ப்பார்கள். 1978-ஆம் வருட மாடலிலிருந்து அந்தச் சராசரி காலனுக்கு 18 மைல் இருக்க வேண்டும், நம் கணக்கில் லிட்டருக்குச் சுமார் 7.6 கிலோமீட்டர். 1985-க்குள் அது 27.5 மைலாக ஏற வேண்டும். குறைந்தால் அபராதம்: ஒரு மைலில் பத்தில் ஒரு பங்கு குறைவுக்கு 5 டாலர், அதை விற்ற கார்களின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். அரசாங்கக் கணக்கு எங்கேயும் ஒரே மாதிரிதான் இருக்கும் போலிருக்கிறது.

பென்ஸுக்கு இது பெரிய தலைவலி. அவர்களுடைய பெரிய எஸ் வகைக் காரில் எட்டு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். குடிப்பதில் அதற்கு நிகர் அதுவே. அதே பெரிய காரில் டீசலை வைத்து விற்றால் சராசரி ஏறும். ஆனால் 80 குதிரைசக்தியை வைத்து அந்தக் காரை அமெரிக்க நெடுஞ்சாலையில் ஓட்டச் சொன்னால் வாங்குகிறவர் சிரிப்பார். டீசலின் சிக்கனமும் வேண்டும், மானமும் போகக்கூடாது. இதற்கு விடைதான் டர்போ.

விற்பதற்கு முன் சோதித்துக்கொண்டார்கள். 1976 ஜூனில் இத்தாலியின் நார்தோ வட்டப் பாதையில் சி111 என்ற சோதனைக் காரில், இதே ஐந்து சிலிண்டர் இன்ஜினுக்கு டர்போ வைத்து 190 குதிரைசக்திக்கு ஏற்றி, நாலு ஓட்டுநர்கள் மாறி மாறி 60 மணி நேரம் ஓட்டினார்கள். சராசரி வேகம் மணிக்குச் சுமார் 250 கிலோமீட்டர். டீசல் வண்டி மெதுவாகத்தான் போகும் என்ற பேச்சு அத்தோடு அடங்கியது. 1978-ல் 300எஸ்டி என்ற பெயரில் கார் விற்பனைக்கு வந்தது. கார்களில் உலகின் முதல் டர்போ டீசல் இதுவே. அதை வட அமெரிக்காவில் மட்டும் விற்றார்கள். ஜெர்மன்காரனால் தன் ஊரில் வாங்க முடியவில்லை. 1980 வரை 28,634 கார்கள் செய்தார்கள்.

ஐரோப்பாவில் டர்போ டீசல் காரை முதலில் கடையில் வைத்தது பிரெஞ்சுக்காரர்கள்தான். 1979-ல் பெஜோ 604, 2304 சி.சி., 80 குதிரைசக்தி. பென்ஸ் 1980-ல்தான் ஐரோப்பியர்களுக்கு ஒரு டர்போ டீசல் கொடுத்தது, அதுவும் பின்பக்கம் நீண்ட குடும்ப வண்டியில். இதைச் சொல்லாமல் விட்டால் என்னோடு படித்தவர்கள் சண்டைக்கு வருவார்கள்.

இனி இன்ஜினின் உடம்பு. சிலிண்டர் துளை 90.9 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 92.4 மில்லிமீட்டர். ஐந்தையும் சேர்த்தால் 2998 சி.சி. ஆரம்ப வருடங்களில் துளை சரியாக 91 மில்லிமீட்டர். அப்போது 3005 சி.சி. பிளாக்கும் ஹெட்டும் இரண்டுமே வார்ப்பிரும்பு. கேம்ஷாஃப்டைச் சுற்றுவது இரட்டை வரிசைச் செயின், ரப்பர் பெல்ட் அல்ல. காற்றை 21 மடங்குக்கு மேல் அமுக்குகிறது. டீசல் நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதில்லை. ஹெட்டில் உள்ள ஒரு சிறு அறையில் முதலில் பற்றி, அங்கிருந்து சிலிண்டருக்குள் பாய்கிறது. இந்த முன்னறையை 1909-ல் கண்டுபிடித்தவர் ப்ரோஸ்பேர் லோராஞ்ஜ். பெயர் பிரெஞ்சு, பிறந்த ஊர் பெய்ரூட், வேலை பார்த்தது ஜெர்மனியில் பென்ஸ் கம்பெனியில். முன்னறை இருப்பதால் சத்தம் குறையும், சூடு கொஞ்சம் வீணாகும். டீசல் பம்ப் பாஷ் கம்பெனியுடையது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிப் பம்ப் வரிசையாக ஒரே உடம்பில் இருக்கும்.

டர்போ வைத்த முதல் காரில் 115 குதிரைசக்தி, பிறகு 125. இழுவை 250 நியூட்டன் மீட்டர், அதுவும் நிமிடத்துக்கு 2400 சுற்றிலேயே கிடைத்துவிடும். இன்றைய சின்னக் கார்களே இதைத் தாண்டுகின்றன. ஆனால் அந்த இன்ஜினின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. பழைய இன்ஜின் மேல் டர்போவைத் திருகி அனுப்பிவிடவில்லை. பிஸ்டனின் அடிவயிற்றில் ஆயிலைப் பீய்ச்சிக் குளிர வைக்கத் தனிக் குழாய் வைத்தார்கள். புகை போகும் வால்வுகளுக்குள் சோடியம் நிரப்பினார்கள். சூட்டில் அது உருகி மேலும் கீழும் ஆடி வால்வின் தலையிலுள்ள வெப்பத்தைத் தண்டு வழியாக இறக்கிவிடும். ஆயில் பம்பும் ஆயில் கூலரும் பெரிதாயின. கிராங்க்ஷாஃப்டின் மேல்தோலைக் கடினப்படுத்தினார்கள். இவ்வளவும் செய்துவிட்டு, அதிலிருந்து எடுக்கக்கூடியதைவிடக் குறைவான சக்தியைத்தான் எடுத்தார்கள். ஐந்து லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டிகளைப் பார்க்க முடிகிறது என்றால் காரணம் இதுதான்.

நம் ஊருக்கும் இந்தக் குடும்பத்துக்கும் உறவு உண்டு. இதே துளை, இதே பிஸ்டன் தூரம், ஒரு சிலிண்டர் மட்டும் குறைவு: அது ஓ.எம். 616, 2399 சி.சி. அதைத்தான் புனேயில் பஜாஜ் டெம்போ கம்பெனி உரிமம் வாங்கி டர்போ இல்லாமல் செய்தது. பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திருப்பதி போன டெம்போ டிராவலர் வேனில் முனகிக்கொண்டிருந்தது இதன் தம்பிதான்.

இவ்வளவு கெட்டியான இன்ஜினுக்கும் நோய் உண்டு. வேடிக்கை என்னவென்றால் நோய் பெரும்பாலும் இன்ஜினுக்குள் இருக்காது, அதைச் சுற்றியுள்ள சின்னச் சின்னக் குழாய்களில் இருக்கும். அதைப் பார்க்காமல் இன்ஜினைப் பிரித்து வைத்தவர்களும், நல்ல வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டவர்களும் நிறைய.

முதல் வியாதி: சாவியைத் திருப்பி எடுத்த பிறகும் இன்ஜின் நிற்காது. ஓட்டுகிறவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழிப்பார். பெட்ரோல் வண்டியில் மின்பொறியை நிறுத்தினால் போதும். டீசலுக்குப் பொறியே கிடையாது, டீசல் போவதை நிறுத்த வேண்டும். பென்ஸ்காரர்கள் அதற்கு வேக்கத்தைப் பயன்படுத்தினார்கள். சாவியைத் திருப்பினால் ஒரு மெல்லிய குழாய் வழியாக வேக்கம் போய் டீசல் பம்பின் மேலுள்ள ஒரு டப்பாவை இழுக்கும், பம்ப் நிற்கும். இதே வேக்கத்தில்தான் நாலு கதவுப் பூட்டும், டிக்கிப் பூட்டும் வேலை செய்கின்றன. பிரேக்குக்கு உதவுவதும், ஆட்டோமேட்டிக் கியர் மாறும் மென்மையும்கூட அதை நம்பித்தான். பின் கதவுக்குள் ஒரு ரப்பர் வெடித்தால் முன்னால் இன்ஜின் நிற்க மறுக்கும். கியர் உதைத்து உதைத்து மாறும். கியர்பாக்ஸ் போச்சு என்று யாராவது பெரிய எஸ்டிமேட் போட்டுக் கொடுப்பார். கம்பெனிக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். பானெட்டைத் திறந்தால் இன்ஜின் மேல் 'ஸ்டாப்' என்று எழுதிய ஒரு நெம்புகோல் இருக்கும். அதைக் கையால் அமுக்கினால் நின்றுவிடும்.

வேக்கத்தை உண்டாக்கும் பம்ப் இன்ஜினின் முன்பக்கம் இருக்கிறது. இதை மட்டும் அலட்சியம் செய்யக்கூடாது. அதன் பேரிங் உடைந்தால் குண்டுகள் நேராகச் செயின் இருக்கும் அறைக்குள் விழும். செயின் சிக்கினால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும். முன்பக்கம் புதிதாக ஒரு டொக் டொக் சத்தம் கேட்டால் வண்டியை அங்கேயே நிறுத்துவதுதான் நல்லது.

அடுத்தது, இழுவை இல்லை என்ற புகார். டர்போ செத்துவிட்டது என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுவார்கள். டர்போ பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். காற்று எவ்வளவு அழுத்தத்தில் வருகிறது என்று டீசல் பம்புக்குத் தகவல் சொல்ல, காற்று போகும் பகுதியிலிருந்து ஒரு மெல்லிய குழாய் போகிறது. அது தொடங்கும் இடத்தில் துளையிட்ட ஒரு போல்ட். புகைக்கரியும் ஆயில் ஆவியும் சேர்ந்து அந்தத் துளையை அடைத்துவிடும். தகவல் போகாததால், டர்போ காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தாலும் பம்ப் கூடுதல் டீசல் கொடுக்காது. கீழே குமாஸ்தா எழுதிய நோட்டு மேலதிகாரி மேஜைக்குப் போய்ச் சேராத கதைதான். போல்டைக் கழற்றி ஒரு கம்பியால் குத்திச் சுத்தம் செய்தால் தீர்ந்தது.

இழுவை குறைய இன்னொரு காரணம் டீசல் சரியாக வராதது. இரண்டு ஃபில்டர் உண்டு, தவிர டேங்குக்குள் ஒரு சல்லடை. சல்லடையை யாரும் நினைப்பதே இல்லை. நாசில்களுக்கு இடையில் துணி சுற்றிய சிறு ரப்பர் குழாய்கள் காலப்போக்கில் கசியும். என் பொறுப்பில் வண்டி லாக் புக் இருந்த வருடங்களில், ஒரு ஜீப்புக்கு இன்ஜின் வீக் என்று எழுதி முழு ஓவர்ஹாலுக்கு எஸ்டிமேட் வந்தது. ஃபைல் மேலே போவதற்குள் ஓய்வு பெறப்போகும் டிரைவர் ஒருவர் டேங்கிலிருந்து வரும் பைப்பில் மயிரிழை விரிசலைக் கண்டுபிடித்தார். டீசலோடு காற்றையும் சேர்த்து உறிஞ்சிக்கொண்டிருந்தது. ஒரு முழம் பைப்போடு செலவு முடிந்தது. அவருக்கு யாரும் நன்றி எழுதிப் போடவில்லை.

மூன்றாவது, காலையில் ஸ்டார்ட் ஆகாதது. இதில் இரண்டு காரணங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முன்னறை வைத்த இன்ஜின் குளிரில் தானாகப் பற்றாது, ஹீட்டர் பிளக் வேண்டும். எழுபதுகளின் வண்டிகளில் ஐந்து பிளக்கும் ஒரே கம்பியில் வரிசையாகக் கோத்திருக்கும். திருவிழா சீரியல் செட் மாதிரி ஒன்று போனால் எல்லாம் போச்சு. பிறகு வந்தவற்றில் தனித்தனியாக இணைத்தார்கள். ஒன்று போனால் மற்ற நாலும் வேலை செய்யும், இன்ஜின் கொஞ்ச நேரம் நொண்டிவிட்டுச் சரியாகும். இரண்டாவது காரணம் டேப்பட். மற்ற இன்ஜின்களில் டேப்பட் தேய்ந்தால் சத்தம் போட்டுச் சொல்லும். இதில் நாளாக ஆக இடைவெளி குறையும், சத்தமே வராது. வால்வு முழுதாக மூடாமல் அழுத்தம் கசிந்துகொண்டிருக்கும். 24,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை சரிபார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்: குளிர்ந்த இன்ஜினில் காற்று வால்வுக்கு 0.10 மில்லிமீட்டர், புகை வால்வுக்கு 0.35. இரண்டு பதினாலாம் நம்பர் ஸ்பேனரும் பொறுமையும் இருந்தால் போதும். இதைச் செய்யாமல், இன்ஜின் தேய்ந்துவிட்டது என்று கம்ப்ரஷன் குறைவைக் காட்டி வண்டியைத் தள்ளிவிட்டவர்கள் எத்தனையோ பேர்.

செயின் நாளடைவில் நீளும், டீசல் பீய்ச்சும் நேரம் தள்ளிப்போகும். பழைய செயினின் முனையில் புதியதைக் கோத்துச் சுற்றி இழுத்து மாற்றிவிடலாம், இன்ஜினைப் பிரிக்க வேண்டாம். ஆயில் கூலருக்குப் போகும் ரப்பர் குழாய்கள் எங்காவது உரசித் தேய்ந்து வெடித்தால் சில நிமிடங்களில் ஆயில் முழுதும் ரோட்டில். மற்றபடி ஆயிலை நேரத்துக்கு மாற்றுவது, நீண்ட ஓட்டம் ஓடி நின்றதும் ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டு டர்போவை ஆறவைப்பது, இவை எந்த டர்போவுக்கும் பொது.

அமெரிக்காவில் பலர் இந்தக் கார்களைச் சமையல் எண்ணெயில் ஓட்டுகிறார்கள். ஓட்டலில் பொரித்து மிச்சமானதை வடிகட்டி ஊற்றுகிறார்கள். பின்னால் போனால் வடை வாசனை வருமாம். 1900-ல் மல்லாட்டை எண்ணெயில் ஓடியதன் வாரிசுதானே, ஓடும். ஆனால் அந்த எண்ணெய் குளிரில் கெட்டியாகும், ஃபில்டரை அடைக்கும், நாசிலில் கரியாகப் படியும், ரப்பர் குழாய்களை ஊதவைக்கும். சுடவைத்துச் செலுத்தும் ஏற்பாடு இல்லாமல் செய்வது வம்பு.

இந்த இன்ஜினுக்கு முடிவு எழுதியதும் சட்டம்தான். எண்பதுகளில் புகை விதிகள் இறுகின. 1985-ல் கலிபோர்னியாவுக்கு அனுப்பிய வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் ஒரு வடிகட்டி வைத்தார்கள். அடுத்த வருடம் அங்கே ஓ.எம். 603 வந்தது: ஆறு சிலிண்டர், அலுமினியம் ஹெட், எடை குறைவு, சத்தம் குறைவு, வேகம் அதிகம். காகிதத்தில் எல்லாமே முன்னேற்றம். ஆனால் ஆரம்ப வருட ஹெட்டுகள் சூடு தாங்காமல் விரிசல் விட்டன. அந்தப் புகை வடிகட்டி உள்ளே உடைந்து, துண்டுகள் டர்போவின் சக்கரத்தைத் தின்றன. கம்பெனி வண்டிகளைத் திரும்ப அழைத்து இலவசமாகக் கழற்றிக் கொடுத்தது.

பழைய 617 வைத்த கார்களில் முதலில் போவது இன்ஜின் அல்ல, உடம்பு. பனிக்கு ரோட்டில் போடும் உப்பில் அடித்தகடு அரித்துப்போகும். அப்படிச் செத்த கார்களிலிருந்து இன்ஜினைக் கழற்றி, லேண்ட் ரோவரிலும் பழைய ஜீப்பிலும் பொருத்தி ஓட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எலக்ட்ரானிக் மூளை எதுவும் இல்லாததால், டீசலும் ஒரு பேட்டரியும், நிறுத்துவதற்கு அந்த ஸ்டாப் நெம்புகோலும் இருந்தால் அதற்குப் போதும்.